"கிளாஸ்ல புரியுதுங்க, எழுத வர மாட்டேங்குது": பி.எஸ்சி பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இருபது வருடத்துக்கும் மேலாக இயற்பியல் நடத்துகிறேன். அந்தியூர், பவானி, சென்னிமலை, காங்கயம் என்று நாலா பக்கமிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். ஸ்டாஃப் ரூம் வாசலிலும் லேபிலும் பஸ் ஸ்டாப்பிலும் வருடா வருடம் அவர்கள் கேட்பது ஒரே சந்தேகங்களைத்தான். பாடத்தில் வருகிற சந்தேகம் வேறு. இவை, தாங்கள் படிக்கிறது உண்மையிலேயே ஏறுகிறதா என்கிற சந்தேகங்கள். கேட்டது கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன்.

1. பி.எஸ்சி-ன்னா என்னங்க படிக்கோணும்? ப்ளஸ் டூ-ல படிச்சதையே மறுக்கா படிக்கறதுங்களா?

மூன்று வருடம், ஆறு செமஸ்டர். தமிழ், ஆங்கிலம், மேஜர் என்கிற முதன்மைப் பாடம், அலைடு என்கிற துணைப் பாடம், லேப். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கல்லூரிகள் 1982-ல் வந்த பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழும், சேலம், நாமக்கல் பக்கம் 1997-ல் வந்த பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழும் வரும். பல இடங்களில் இன்டர்னலுக்கு 25, எக்ஸ்டர்னலுக்கு 75 மார்க்.

பாடத் தலைப்புகளில் பாதி பழையவைதான், ஆனால் கேட்கிற கேள்வி மாறிவிடும். ப்ளஸ் டூவில் ஊசலுக்கு ஒரு சூத்திரம் கொடுத்து எண்ணைப் போடச் சொன்னார்கள். இங்கே அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது, ஊசலை அகலமாக ஆட்டினால் ஏன் அது பொய்க்கிறது என்று கேட்பார்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு "இது தெரிஞ்சதுதானே" என்று முதல் செமஸ்டரை விட்டுவிடுகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன்.

2. ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியமுங்க. கிளாஸ்ல ஒண்ணுமே புரிய மாட்டேங்குது. நான் மக்குங்களா மேடம்?

இல்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதிலை நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன்.

சத்தியமங்கலத்துக்கு மேலே மலைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவி, மொமென்ட் ஆஃப் இனர்ஷியா நடத்திய அன்று வகுப்பு முடிந்ததும் அழுதாள். "ஒரே எடையில ரெண்டு சக்கரம் கண்ணு. ஒண்ணுல கனமெல்லாம் ஓரத்துல இருக்குது, இன்னொண்ணுல நடுவுல. எதைச் சுத்தறது கஷ்டம்?" என்று கேட்டேன். "ஓரத்துல இருக்கறதுதாங்க. கெளப்பறதும் கஷ்டம், நிறுத்தறதும் கஷ்டம்" என்றாள். அந்தப் பாடத்தின் சாரமே அதுதான். அவளுக்குப் புரியாமல் போனது பெயர் மட்டும். ஒரு மணி நேரம் பெயர்களையே துரத்திக்கொண்டிருந்ததால், பொருளைப் பார்க்க அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

ஒரு நோட்டை இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் உந்தம், எதிரே மொமென்டம். முடுக்கம், ஆக்சலரேஷன். நிலைமம், இனர்ஷியா. ஒரு நாளைக்கு ஐந்து போதும். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு செமஸ்டர், மிஞ்சினால் இரண்டு செமஸ்டரில் இந்தச் சுவர் இடிந்துவிடும். ஆங்கில மீடியத்தில் வந்தவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. சொல் சரளமாக வருவதால் பொருளும் வந்துவிட்டதாக நினைத்துவிடுவார்கள். அவர்களையும் நான் தமிழில் சொல்லச் சொல்வேன். பல பேர் அங்கே நின்றுவிடுவார்கள்.

3. சார் நடத்தறப்ப எல்லாமே புரியுதுங்க. வீட்டுக்கு வந்து பேப்பர எடுத்தா ஒண்ணும் வர மாட்டேங்குது. ஏனுங்க?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பேன்: பாவு இழை அறுந்தால் அம்மா முடிச்சுப் போடுகிறாரே, எத்தனை வருடமாகப் பார்க்கிறாய்? "சின்ன வயசுல இருந்துங்க." நீ போட்டிருக்கிறாயா? "போட்டேன், முதல்ல ஒரு வாரம் வரலைங்க." வருடக்கணக்காகப் பார்த்தும் விரல் பழகவில்லை. கரும்பலகையில் ஆசிரியர் கணக்குப் போடுவதைப் பார்ப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு வரியும் சரி என்று தோன்றுகிறது, ஏனென்றால் அடுத்த வரி எது என்று முடிவெடுக்கிற வேலையை அவர் செய்துவிட்டார். வீட்டில் அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரி மாணவர்களிடம் அறிவியல் பத்தி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. "ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் படித்துக்கொண்டே இருந்த குழுதான். "புரிஞ்ச மாதிரி இருக்குது" என்கிற நினைப்பை நம்பிப் படிப்பதை நிறுத்தக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

4. அப்ப எப்படித்தானுங்க படிக்கறது? சுருக்கமா சொல்லுங்க.

வகுப்பு நடந்த அன்றே, பொழுது சாய்வதற்குள், நோட்டை மூடி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் ஞாபகம் வருவதை எழுதுங்கள். பத்து நிமிடம். எங்கே தடுமாறுகிறதோ அங்கே மட்டும் நோட்டைத் திறங்கள். மூன்று நாள் கழித்து ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. சிரமமாகத்தான் இருக்கும். ஞாபகத்திலிருந்து எடுக்க நாம் படுகிற அந்தச் சிரமம்தான் பாடத்தைத் தங்க வைக்கிறது.

5. மனப்பாடம் பண்றது தப்புங்களா? எல்லாரும் திட்டறாங்க, ஆனா பரீட்சைக்கு அதுதானே உதவுது?

மனப்பாடத்தை நான் திட்ட மாட்டேன். தனிம அட்டவணையின் முதல் இருபது, அடிப்படை வகைக்கெழுக்கள், அலகுகள் எல்லாம் யோசிக்காமல் வாயில் வரவேண்டும். அப்போதுதான் மூளை மற்றதை யோசிக்கும். ஸ்வீடனில் மார்ட்டன், செல்யோ என்ற இருவர் 1976-ல் மாணவர்களிடம் ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்து, எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டார்கள். சிலர் எதைக் கேட்பார்கள் என்று ஊகித்து வரிகளைப் பிடித்துவைத்திருந்தார்கள். சிலர், எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடியிருந்தார்கள். ஆழப் படித்தல், மேலோட்டமாகப் படித்தல் என்று கல்வி ஆய்வில் இன்றைக்கும் புழங்குகிற பிரிவு அங்கிருந்து வந்ததுதான்.

அதன் தொடர்ச்சியாக வந்த ஆய்வுகள் காட்டிய ஒன்றை நம் ஊர் ஆசிரியர்களும் யோசிக்க வேண்டும். ஒரே பிள்ளை, கேள்வியைப் பொறுத்து இரண்டு விதமாகவும் படிப்பான். பழைய வினாத்தாளில் இருந்ததே திரும்பி வரும் என்றால், ஐந்து யூனிட்டில் மூன்றை மட்டும் உருப்போடுவது அவன் கணக்கில் சரியான முடிவு. அதற்கு அவனை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

6. லேப் எதுக்குங்க? ரீடிங்தான் சீனியர் ரெக்கார்டுலயே இருக்குதே?

நான் படித்த காலத்தில் ஊசல் சோதனையில் எனக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 9.5 சொச்சம் வந்தது. "9.8 வரணும், போய் சரி பண்ணிட்டு வா" என்று ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். நானும் நேரத்தை மாற்றி எழுதி 9.8 வரவைத்தேன், கையெழுத்தும் கிடைத்தது. ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

காரணம் ரொம்ப எளிமையானது. நூலைக் குண்டின் உச்சி வரைக்கும்தான் அளந்திருந்தேன். ஊசலின் நீளம் குண்டின் மையம் வரை. 50 சென்டிமீட்டர் நூலில், குண்டின் ஆரம் 1.25 சென்டிமீட்டர் என்றால், அதை விட்டுவிட்டால் விடை இரண்டரை சதவீதம் குறையும். நம் பக்கத்து அட்சரேகையில் உண்மையான மதிப்பு 9.78-க்குப் பக்கம். அது 9.54 ஆகத் தெரியும். இன்னும் அழகான விஷயம், நூலின் நீளத்துக்கும் ஆடும் நேரத்தின் வர்க்கத்துக்கும் வரைபடம் போட்டால், கோட்டின் சாய்வு சரியாகவே இருக்கும். கோடு மட்டும் ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் கொஞ்சம் மேலே வெட்டும். எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதிலிருந்து குண்டின் ஆரத்தையே கண்டுபிடித்துவிடலாம். தப்பான ரீடிங்குக்குள் இத்தனை இருந்தது. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் இதெல்லாம் போய்விடுகிறது. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: தள்ளி வந்த விடைக்கு மார்க்கைக் குறைக்காதீர்கள். ஏன் தள்ளி வந்தது என்று எழுதச் சொல்லி, அதற்கு மார்க் கொடுங்கள்.

7. "புரிஞ்சுதா"-ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டறோமுங்க. நான் மட்டும் எந்திரிச்சுக் கேக்க வெக்கமா இருக்குது.

மூன்றாம் கேள்வியில் சொன்னபடி, தலையாட்டுகிறவர்களில் பலருக்கும் புரிந்த மாதிரிதான் இருக்கிறது. நீங்கள் கேட்கிற கேள்வி பத்துப் பேரின் கேள்வியாக இருக்கும். எழுந்து நிற்கக் கூச்சமாக இருந்தால், வகுப்பு முடியும்போது ஒரு துண்டுத் தாளில் "இந்த இடத்தில் விட்டுவிட்டேன்" என்று எழுதி மேசையில் வையுங்கள். பெயர் வேண்டாம். என் வகுப்பில் இப்படித்தான் நடக்கிறது. அடுத்த நாள் பாடத்தை அந்தத் தாள்களிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

8. குரூப்பா உக்காந்து பேசச் சொல்றீங்க. அந்த கிளாஸ்ல ஒண்ணுமே கத்துக்காத மாதிரி இருக்குதுங்க. நீங்களே நடத்திட்டா நல்லா இருக்குமே?

இந்தக் குறையை 2019-ல் ஹார்வர்டில் அளந்தே பார்த்தார்கள். முதல் வருட இயற்பியல் மாணவர்களில் ஒரு பாதிக்கு அருமையான விரிவுரை. மறு பாதிக்கு அதே பாடம், அதே தாள்கள், ஆனால் முதலில் தாங்களே குழுவாக உட்கார்ந்து கணக்கோடு போராட வேண்டும். அடுத்த வகுப்பில் இரண்டு குழுவையும் மாற்றினார்கள். போராடியவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள். "எவ்வளவு கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டதற்கு மட்டும் குறைவாகச் சொன்னார்கள். நன்றாக நடத்தப்பட்ட விரிவுரை வழுக்கிக்கொண்டு போகும், அதனால் நிறைய கற்ற மாதிரி இருக்கும்.

அதற்கு முன்னால் 2014-ல், அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் விரிவுரை வகுப்புகளில் சுமார் 34 சதவீதம் பேர் தோற்றார்கள், மாணவர்கள் வேலை செய்கிற வகுப்புகளில் சுமார் 22. ஒன்றையும் ஒத்துக்கொள்கிறேன். எந்தக் கேள்வியைப் பேச வேண்டும் என்று சரியாகச் சொல்லாமல் "பேசுங்க" என்று விட்டால் அது வெறும் அரட்டைதான். அப்படி நடந்தால் தைரியமாகக் குறை சொல்லுங்கள்.

9. ரெண்டு வருஷம் ஃபிஸிக்ஸ் படிச்சும் ஃபோர்ஸ்-ன்னா என்னன்னு கேட்டா தடுமாறறேன். எனக்கு மட்டும்தான் இப்படியா?

ஒரு லாரியும் ஒரு ஸ்கூட்டியும் நேருக்கு நேர் மோதுகின்றன. எதன் மேல் விசை அதிகம்? வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் "ஸ்கூட்டி மேலதாங்க" என்பார்கள். அதே பிள்ளைகளிடம் நியூட்டனின் மூன்றாம் விதி கேளுங்கள், வரி பிசகாமல் சொல்வார்கள். இரண்டின் மேலும் விசை சமம் என்பதுதான் அந்த விதி. ஸ்கூட்டியின் நிறை குறைவு, அதனால் அதன் வேகம் சட்டென்று மாறுகிறது. விதி ஒரு அறையில் இருக்கிறது, ரோட்டில் பார்த்தது இன்னொரு அறையில். நடுவில் கதவு இல்லை.

1992-ல் ஹெஸ்டினஸ் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்த மாதிரிக் கேள்விகளை மட்டும் வைத்து ஒரு தேர்வு தயாரித்தார்கள். கணக்கே இல்லை, விசை பற்றிய எண்ணம் மட்டும். ஹார்வர்டில் எரிக் மசூர் தன் மாணவர்களுக்கு இந்த வகைக் கேள்விகளைக் கொடுத்தபோது, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு பெண் கேட்டாளாம். அந்தத் தடுமாற்றம் உலகம் முழுக்க உண்டு. அவள் வாய்விட்டுக் கேட்டாள், மற்றவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

10. செமஸ்டர்ல எண்பதுக்கு மேல வாங்கறனுங்க. அப்ப கத்துக்கிட்டேன்னு தானே அர்த்தம்?

ஒழுங்காகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம், அது சின்ன விஷயமில்லை. கற்றுக்கொண்டீர்களா என்று தெரிய, போன வருடப் பாடத்தில் ஒரு கேள்வியை இன்று பார்க்காமல் எழுதுங்கள். லாரிக் கேள்வி மாதிரி வினாத்தாளில் வராத ஒன்றையும் போட்டுப் பாருங்கள். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி சேர ஜாம் தேர்வு எழுதுகிற நம் பிள்ளைகள் பலர் முதல் தடவை அதிர்ந்து போவது இங்கேதான்.

11. எங்க அப்பா திருப்பூர்ல சாயப்பட்டறையில வேலை செய்யறாருங்க. எங்க வீட்ல நடக்கறதுக்கும் இந்தப் புக்குக்கும் என்னங்க சம்பந்தம்?

இதைக் கேட்ட பையனிடம், அப்பா என்ன செய்வார் என்று கேட்டேன். "சாயத்தக் கரைச்சு, உப்பு போட்டு, அப்புறம் சோடா போடுவாருங்க. உப்பு போடாட்டி துணி சாயத்தைக் குடிக்காதுங்க" என்றான். பக்கத்தில் வேதியியல் மேடம் இருந்தார். அவனை உட்காரவைத்து அங்கேயே விளக்கினார். தண்ணீரில் பருத்தி நூலின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம், அதாவது நெகட்டிவ். கரைந்த சாயத்துக்கும் அதே நெகட்டிவ் மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பிலிருந்து வருகிற சோடியம் அயனிகள் நடுவில் புகுந்து அந்தத் தள்ளலை மட்டுப்படுத்துகின்றன, சாயம் நூலுக்குப் போகிறது. சோடா போட்டதும் காரத் தன்மை கூடி, சாயம் நூலோடு வேதிப் பிணைப்பு போட்டுக்கொள்கிறது. அவன் புத்தகத்தில் இரண்டு யூனிட் தள்ளி இருந்ததெல்லாம் அப்பாவின் ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது.

அதோடு நிற்கவில்லை. அந்த உப்பு துணியில் ஒட்டுவதில்லை, கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். கரைந்த உப்பைச் சாதாரண வடிகட்டல் பிரிக்காது. நொய்யல் ஆற்றுக்கு நடந்தது அதுதான். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது, சுற்றிலும் கிணறுகள் உப்பாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகுதான், ஒரு சொட்டும் வெளியே விடாமல் எதிர் சவ்வூடு பரவலும் (ஆர்.ஓ.) ஆவியாக்கலும் வைத்து நடத்துகிற முறை கட்டாயமாக இறுகியது. சவ்வூடு பரவலை ஐந்து மார்க் கேள்வியாகப் படித்தவனுக்கு, பட்டறை மூடிக் கிடந்தபோது அப்பா வேலையில்லாமல் வீட்டில் இருந்த மாதங்கள் ஞாபகம் வந்தன. ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது என்று நீங்களும் பாருங்கள். மஞ்சளில் சுண்ணாம்பு. லேபில் காரம் பட்டதும் நிறம் மாறிக் காட்டுகிற பினாப்தலீன் செய்கிற வேலையை வாசலில் நம் பாட்டிகள் மஞ்சளை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

12. எம் பையன் பொழுதோட மில்லு வேலைக்குப் போயிட்டு வர்றானுங்க. புஸ்தகத்த எடுத்தா தூங்கி வழியறான். இவனுக்குப் படிப்பு ஏறுமுங்களா?

இது ஒரு அப்பா கேட்டது. ஏறும். நீண்ட நேரம் உட்கார முடியாது என்பதால் பயப்படாதீர்கள் அய்யா. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் நாலு மணி நேரம் படிப்பதை விட, தினமும் அரை மணி நேரம் பிரித்துப் படிப்பது நன்றாகத் தங்கும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன் மேலேயே சோதித்து 1885-லேயே எழுதிவைத்த விஷயம் இது. நாலாம் கேள்வியில் சொன்ன முறைக்குப் புத்தகமே திறக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே நேற்றைய பாடத்தை மனதில் ஓட்டலாம். தூக்கத்தை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள். தூங்கும்போதுதான் படித்தது நிலைக்கிறது.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. விண்ணப்பித்தாயிற்றா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அந்த ஆயிரம், மாதத்தில் இரண்டு மூன்று ஷிப்டையாவது குறைக்கும்.

13. ஒரு புக்குல ஆசிடுக்கு ஒரு டெஃபினிஷன், இன்னொண்ணுல வேற. எது சரின்னு ஒரே வார்த்தையில சொல்லிருங்க மேடம்.

ஒரே வார்த்தையில் சொன்னால் உங்களுக்குக் கெடுதல் செய்தவள் ஆவேன். அரேனியஸ் சொன்னது தண்ணீரில் கரையும் பொருளுக்குப் போதும். தண்ணீரே இல்லாத இடத்துக்கு பிரான்ஸ்டெட்டும் லௌரியும் சொன்னது வேண்டும். புரோட்டானே கைமாறாத இடத்துக்கு லூயிஸ். மூன்றும் சரி, மூன்றுக்கும் எல்லை உண்டு. 1970-ல் வில்லியம் பெரி என்பவர் ஹார்வர்டு மாணவர்களை வருடா வருடம் பேட்டி எடுத்து எழுதியது இதைத்தான். பலர் "சரியான பதில் ஆசிரியரிடம் இருக்கிறது" என்ற நினைப்போடு உள்ளே வருகிறார்கள், எந்தப் பதில் எந்த ஆதாரத்தில் நிற்கிறது என்று கேட்கிற இடத்துக்கு மெல்ல நகர்கிறார்கள். தானாக நகர்ந்துவிடும் என்றும் நம்ப முடியாது. அமெரிக்காவில் 1998-ல் வந்த ஓர் ஆய்வில், முதல் செமஸ்டர் இயற்பியல் முடிந்தபோது மாணவர்களின் பார்வை பல விதங்களில் முன்பை விடப் பின்னால்தான் போயிருந்தது. எல்லாவற்றையும் முடிந்துபோன உண்மையாகவே நடத்தினால் அப்படித்தான் ஆகும்.

14. முதல் வருஷம் எல்லாம் தெரியுங்கற மாதிரி இருந்துச்சுங்க. மூணாம் வருஷம் வந்துட்டேன், ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்குது. மூணு வருஷமும் வீணுங்களா?

போன வருடம் ஒரு மாணவி இதை அழாத குறையாகக் கேட்டாள். இரண்டாம் கேள்வியில் வந்த அதே பெண். நான் ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. அவளுடைய முதல் வருட ரெக்கார்டை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். ஊசல் பக்கத்தைத் திறந்தோம். விடை 9.8, பக்கத்தில் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தவள், "மேடம், நூலோட நீளத்த மட்டும்தான் எழுதியிருக்கறேன், குண்டோட ஆரம் சேர்க்கலை" என்றாள். சரி, அப்புறம்? வரைபடத்தில் விரலை வைத்தாள். கோடு நேராக ஆதிப்புள்ளி வழியாகப் போயிருந்தது. "அப்படி அளந்தா கோடு இங்க வரவே முடியாதுங்களே. இது நான் எடுத்த ரீடிங்கே இல்லை."

லேப் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அஞ்சு நீளத்துக்கு அளந்தாள், குண்டின் மையம் வரைக்கும். 9.74 வந்தது. அதை 9.74 என்றே எழுதினாள்.